நான்கா, ஐந்தா, ஆறா? – எழுத்தெண்ணி ஓதும் மரபு

சைவர்களின் மூலமந்திரத்திற்குத் திருவைந்தெழுத்து என்று பெயர். வைணவர்கள் போற்றும் மூலமந்திரம் திருவெட்டெழுத்து. முருகனடியார்கள் ஓதும் சரவணபவ என்னும் மந்திரம் ஆறெழுத்து. பஞ்சாட்சரம், அஷ்டாட்சரம், சடாட்சரம் என்னும் வடமொழிப் பெயர்களுக்கும் இவையே பொருள். ஆன்றோர் இம்மந்திரங்களுக்கு எழுத்தின் எண்ணிக்கையையே பெயராகச் சூட்டியிருப்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. எண்ணிக்கை அவ்வளவு முக்கியமானது என்பதே அதன் குறிப்பு.

இன்று பல இல்லங்களில் ஒரு விநோதம் நிகழ்கிறது. விடுமுறைக்கு எல்லோரும் ஒன்றுகூடிப் பூஜையறையில் அமரும்போது, தாத்தா திருவைந்தெழுத்தை ஐந்தாகவே சொல்கிறார். வடமாநிலம் ஒன்றில் பள்ளியில் படிக்கும் பேரன் அதனை நான்காகச் சொல்கிறான். ஒலிநாடாவிலும் கைபேசியிலும் கேட்டுப் பழகிய மற்றொருவர் ஆறாகச் சொல்கிறார். மூவருடைய பக்தியிலும் குறைவில்லை; குரலிலும் குறைவில்லை. அவரவர் நாக்கு பழகிய மண்ணின் வழக்கு எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. எது பொறுக்கத்தக்க வேறுபாடு, எது திருத்திக்கொள்ள வேண்டிய பிழை என்று தெரியாமல் பெரியவர்கள் தயங்குகின்றனர். தம்முடைய உச்சரிப்பே தவறோ என்று அஞ்சி, பாராயணத்தையே குறைத்துக்கொண்டவர்களும் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. ஆயினும், கணக்கை அறிந்துகொள்வது தேவையானது.

ஐந்து எப்படிக் குறைகிறது, எப்படிக் கூடுகிறது?

அட்சரக் கணக்கு மிக எளிது. ஓர் உயிரொலி இருந்தால் ஓர் அட்சரம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனை மெய்கள் அடுக்கி நின்றாலும் அவை கணக்கில் சேரா. ந, ம, சி, வா, ய என்று ஐந்து உயிர்மெய்கள் நிற்பதால் அது ஐந்தெழுத்து.

இந்திப் பேச்சு வழக்கில் சொல்லின் ஈற்றில் நிற்கும் குறுகிய அகரம் ஒலிப்பதில்லை. 'ராம' என்பது அங்கே 'ராம்' ஆகிறது. 'யோக' என்பது 'யோக்' ஆகிறது. அதே பழக்கத்தில் 'சிவாய' என்பது 'சிவாய்' என்று முடிந்துவிடுகிறது. யகரத்தின் மேல் ஏறி நின்ற அகரம் மறைந்ததும் 'ய்' என்னும் மெய் மட்டும் எஞ்சுகிறது, ஐந்து நான்காகிறது. காசியில் வடமொழியை முறையாகப் பயின்ற பண்டிதர்கள் ஈற்று அகரத்தைக் குறைவின்றி ஒலிக்கவே செய்கின்றனர். ஆகவே இதனை வடநாட்டு மரபு என்று கொள்ள வேண்டியதில்லை. பேச்சு மொழியின் பழக்கம் மந்திரத்திற்குள் புகுந்துவிட்டது என்பதே சரி.

ஆறாவது எப்படி? 'நம:' என்னும் வடசொல்லின் இறுதியில் விசர்க்கம் என்னும் மூச்சொலி உண்டு. வாக்கியத்தின் முடிவில் அது வரும்போது, முன் நின்ற உயிரின் எதிரொலியோடு 'நமஹ' என்று ஒலிப்பது தென்னாட்டு வழக்கு. முடிவில் அது மெல்லிய மூச்சாக நின்றால் குற்றமில்லை. அதையே நடுவிலும் கொண்டுவந்து, 'நமஹ' என்று முழுதாகச் சொல்லி நிறுத்திப் பிறகு 'சிவாய' என்றால், ந, ம, ஹ, சி, வா, ய என ஆறெழுத்தாகிவிடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே நின்று கணக்கைக் காத்தவர்கள் தமிழ் அருளாளர்கள். விசர்க்கத்தை அடுத்துச் சகரம் வந்தால் அது அச்சகரத்தோடு ஒன்றி இரட்டிக்கும் என்பது வடமொழிச் சந்தி விதி. யஜுர் வேதத்தின் ஸ்ரீருத்ரத்தில், எட்டாம் அநுவாகத்தில் இத்திருநாமம் வரும்போது வேதியர்கள் இவ்வாறே இரட்டித்து ஓதுவர். அதே ஒலியைத் தமிழ் எழுத்தில் வடித்தால் கிடைப்பது 'நமச்சிவாய'. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் நமச்சிவாயப் பதிகம் பாடியுள்ளனர். மணிவாசகரின் சிவபுராணம் இச்சொல்லிலேயே தொடங்குகிறது. நடுவில் நிற்கும் 'ச்' மெய்யெழுத்து; கணக்கில் சேராது. ந, மச், சி, வா, ய என்று ஐந்து ஐந்தாகவே நிற்கிறது.

சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றான உண்மை விளக்கம் இந்த ஐந்துக்கும் பொருள் கூறுகிறது. சிகரம் சிவம், வகரம் அருள், யகரம் உயிர், நகரம் திரோதம் என்னும் மறைப்பாற்றல், மகரம் மலம். பேச்சு வழக்கால் தேய்வது இவற்றுள் யகரம். மலமும் மறைப்பும் குறையாமல் நிற்க, உயிரைக் குறிக்கும் எழுத்து தன் உயிரொலியை இழந்து வெறும் மெய்யாகிவிடுகிறது. கடைசி அகரத்தை நிறுத்தி ஒலிக்க வேண்டும் என்று பெரியோர் வற்புறுத்துவதன் அருமை இங்கே விளங்கும்.

திருவெட்டெழுத்திலும் இழப்பு கடைசி எழுத்திலேயே நேர்கிறது. நாராயண உபநிஷதம் அதனைத் தானே எண்ணிக் காட்டுகிறது: பிரணவம் ஒன்று, அடுத்த சொல் இரண்டு, 'நாராயணாய' என்பது ஐந்து, ஆக எட்டு. இந்தி நாக்கு 'நாராயணாய்' என்று முடிக்கும்போது எட்டு ஏழாகிறது. தமிழ் நாக்கோ விளிப்பெயர் என்று கருதி 'நாராயணா' என்று முடித்துவிடுகிறது, அப்போதும் ஏழே. 'ஆய' என்னும் ஈறு 'நாராயணனுக்கு' என்ற பொருளைத் தருவது. நாராயணா என்று அன்போடு கூவி அழைப்பது வேறு. அது எந்நேரமும் எவரும் செய்யத்தக்கது. மந்திரமாக ஓதும்போது மட்டும் எட்டும் நிறைய வேண்டும்.

எட்டு பதினைந்தாகும் விதம்

மந்திரத்தை விட்டுச் சுலோகத்திற்கு வந்தால் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும். விஷ்ணு சகஸ்ரநாமத்தின் நாமாவளிச் சுலோகங்களும் பகவத் கீதையின் பெரும்பகுதியும் அனுஷ்டுப் என்னும் யாப்பில் அமைந்தவை. பாதம் ஒன்றுக்கு எட்டு அட்சரம். நான்கு பாதங்களுக்கு முப்பத்திரண்டு.

லக்ஷ்மீ, ரத்ன, பத்ம, க்ருஷ்ண என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொள்ளலாம். வடமொழிக் கணக்கில் ஒவ்வொன்றும் இரண்டு அட்சரம். நான்கும் சேர்ந்தால் எட்டு. ஒரு பாதத்தின் அளவு. இவற்றையே தமிழ் வீடுகளில் இயல்பாகச் சொல்வதுபோல் லட்சுமி, ரத்தின, பத்ம, கிருஷ்ண என்று சொன்னால் மூன்றும் மூன்றும் இரண்டும் மூன்றுமாகப் பதினொன்று. பழந்தமிழ் நூல் வழக்குப்படி இலக்குமி, இரத்தின, பதும, கிருட்டிண என்று சொன்னால் நான்கும் நான்கும் மூன்றும் நான்குமாகப் பதினைந்து.

இதற்குக் காரணம் நாவின் சோம்பல் அன்று, தமிழின் இலக்கணம். ரகரமும் லகரமும் தமிழில் சொல்லுக்கு முதலாகா; அதனால் முன்னே ஓர் இகரம் வந்து தாங்குகிறது. 'த்ன', 'த்ம', 'க்ஷ்ம' போன்ற கூட்டெழுத்துகள் தமிழுக்கு இயல்பல்ல. அதனால் இடையே இகரமோ உகரமோ நுழைந்து இரண்டு மெய்களையும் பிரித்து வைக்கிறது. வடசொற்கள் தமிழுக்கு வரும்போது தமிழ் ஒலிக்கு இயைந்தே வரவேண்டும் என்று தொல்காப்பியம் அன்றே விதித்தது. க்ருஷ்ண என்பதில் உள்ள 'ரு' வடமொழியில் ஓர் உயிரெழுத்து. ககரத்தோடு சேர்ந்து ஒரே அட்சரமாகும். அதனை வடநாட்டார் 'க்ரி' என்றும், மராட்டியர், கன்னடர், தெலுங்கர் 'க்ரு' என்றும் ஒலிப்பர், இரண்டுமே ஓரட்சரம்தான். தமிழில் 'கிரு' என்று இரண்டாகப் பிரிந்ததும் கணக்கு மாறுகிறது. சுலோகப் புத்தகங்களில் 'க்ருஷ்ண' என்றே அச்சிடுவதன் காரணம் இதுதான்.

எண்ணிக்கையோடு எடையும் மாறும். பின்னால் கூட்டெழுத்து வந்தால் முன்னுள்ள குறில் குருவாகும் என்பது வடமொழி யாப்பு விதி. 'பத்ம' என்பதில் முதலெழுத்து குரு. 'பதும' என்று பிரித்தால் அது லகுவாகிவிடும். சுலோகம் சொல்லும்போது ஏதோ ஓரிடத்தில் நடை தட்டுவதாகத் தோன்றினால், பெரும்பாலும் அங்கே ஒரு கூட்டெழுத்து உடைந்திருக்கும்.

தமிழ்ப் பாட்டில் இது தலைகீழ்

இவ்விடத்தில் மற்றொரு பிழைக்கு வாய்ப்புண்டு. வடமொழி உச்சரிப்பே உயர்ந்தது என்று எண்ணி, தமிழ்த் திருமுறைகளிலும் திவ்யப் பிரபந்தத்திலும் வரும் சொற்களை வடமொழி ஒலிக்குத் திருப்பிவிடுவது அது. சம்பந்தரின் திருநீற்றுப் பதிகத்தின் முதற்சொல் 'மந்திரம்'. தமிழ்க் கணக்கில் அதன் முதற்பகுதி 'மந்' என்னும் நேரசையும் 'திர' என்னும் நிரையசையுமாக நடக்கிறது. 'மந்த்ரம்' என்று மாற்றினால் நிரையசை இல்லாமல் போகும். சீர் சிதைந்து, பதிகம் முழுவதும் துள்ளி ஓடும் நடை முதலடியிலேயே இடறும்.

'பத்தி' என்பதைப் 'பக்தி' என்றும், 'முத்தி' என்பதை 'முக்தி' என்றும் திருத்திப் படிப்போர் உண்டு. எழுத்தெண்ணிக்கை மாறாது என்பது உண்மையே. ஆனால் அவை 'சித்தம்', 'அத்தன்' போன்ற சொற்களோடு எதுகையாக வந்த இடங்களில், இரண்டாமெழுத்து ஒத்துவரும் அழகு கெட்டுவிடும். சுலோகத்தில் வடமொழி ஒலியும் தமிழ்ப் பாடலில் தமிழ் ஒலியும் காக்கப்பட வேண்டும். ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளக்கலாகாது.

தமிழ்ப் பாவகைகளிலும் எழுத்தெண்ணிப் பாடப்பட்டவை உண்டு. கட்டளைக் கலித்துறை என்னும் யாப்பில், நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கிப் பதினாறு எழுத்து. நிரையசையில் தொடங்கினால் பதினேழு. அபிராமிபட்டரின் அபிராமி அந்தாதியும், அருணகிரிநாதரின் கந்தரலங்காரமும், நம்மாழ்வாரின் திருவிருத்தமும் இந்த யாப்பில் அமைந்தவை. நாள்தோறும் அபிராமி அந்தாதி ஓதும் மூதாட்டியர் பலர், தம் நாவில் இத்தனை நுட்பமான கணக்கு நடமாடுவதை அறிந்திருப்பதில்லை.

பேச்சுத் தமிழ் இக்கணக்கை இருவகையில் கலைக்கிறது. கண், பால், சொல் என மெய்யில் முடிபவற்றைக் கண்ணு, பாலு, சொல்லு என உகரம் சேர்த்து ஒலிப்பது ஒன்று. அங்கே ஓரெழுத்து கூடும். விரைவில் உயிரை விழுங்கிவிடுவது மற்றொன்று. சென்னைப் பேச்சில் 'இழுத்து' என்பது 'இஸ்து' ஆகும்போது மூன்றெழுத்து இரண்டாகிறது. பேச்சில் இவை இயல்பே. ஓதும்போது மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியவை.

அச்சு தரும் மயக்கம்

முதியோர் வசதிக்காகப் பெரிய எழுத்தில், சந்தி பிரித்து அச்சிட்ட தோத்திர நூல்கள் இன்று நிறைய வந்துள்ளன. பொருள் அறிய அவை பேருதவி. ஆனால் பிரித்த வடிவிலேயே பாடினால் எழுத்து கூடிவிடும். 'நாடெங்கும்' என்பதை எடுத்துக்கொண்டால், நா, டெங், கும் என ஒற்று நீக்கி மூன்றெழுத்து. 'நாடு எங்கும்' என்று பிரித்தால் நான்கு. அடிதோறும் ஒன்று கூடினாலும் கட்டளைக் கலித்துறையின் கட்டளை தளர்ந்துவிடும். பிரித்துப் பொருளறிந்து, சேர்த்துப் பாடுவதே முறை. கோயிலில் ஓதுவார் பாடும்போது கூர்ந்து கேட்டால், அவர் சொற்களைப் புணர்த்தே பாடுவது செவிப்படும்.

இதற்கு எதிரான மயக்கமும் உண்டு. சிவபுராணத்தின் முதலடியில் 'வாஅழ்க' என்று அச்சாகியிருப்பதைக் கண்டு, அச்சுப்பிழை என்று கருதி 'வாழ்க' என்று படிப்பவர்கள் பலர். அது பிழையன்று; அளபெடை. சிவபுராணம் கலிவெண்பா யாப்பில் அமைந்தது. வெண்பா நடையில் மாச்சீருக்குப் பின் நிரையசையும், காய்ச்சீருக்குப் பின் நேரசையும் வரவேண்டும். அங்கே அடுத்த சீர் நேரசையில் தொடங்குகிறது. 'வாழ்க' என்றால் மாச்சீர், தளை தட்டும். 'வாஅழ்க' என்று ஓரகரம் நீண்டு ஒலித்தால் காய்ச்சீராகி, தளை பொருந்தும். அந்த ஓரகரத்தை நிறுத்திச் சொல்லும்போது வாழ்த்தும் நீண்டு ஒலிக்கிறது.

அட்சரக் கணக்கும் மாத்திரைக் கணக்கும்

அண்மைக் காலத்தில் தமிழகத்து இல்லங்களிலும் பரவியுள்ள அனுமன் சாலீஸாவில் வேறொரு கணக்கு நடக்கிறது. துளசிதாசர் இயற்றியதாகப் போற்றப்படும் இத்துதி அவதி மொழியில் அமைந்தது. நாற்பது சௌபாய்கள் இருப்பதால் சாலீஸா என்று பெயர். சௌபாயின் ஒவ்வொரு பாதத்திற்கும் 16 மாத்திரை. இங்கே எண்ணப்படுவது எழுத்தின் தொகை அன்று, ஒலிக்கும் காலம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்பது தமிழர்க்கும் பழக்கமான அளவே.

ஆகவே 'ஜய' என்று இரண்டு குறிலாகச் சொன்னாலும், வடநாட்டார்போல் 'ஜை' என்று ஒரே நெடிலாகச் சொன்னாலும் மாத்திரை இரண்டுதான், நடை கெடாது. 'ராம' என்பதற்கு மூன்று மாத்திரை. பேச்சில் 'ராம்' என்று சொல்பவரும், பாடும்போது ஈற்று அகரத்தை ஒலித்தோ முன்னுள்ள நெடிலைச் சற்று நீட்டியோ அந்த மூன்றாம் மாத்திரையை நிரப்பிவிடுகின்றனர். எழுத்து குறைந்த இடத்தைக் காலம் ஈடுசெய்கிறது.

அனுஷ்டுப் சுலோகத்தில் இந்த ஈடு செல்லாது. அங்கே ஓர் அட்சரம் குறைந்தால் எவ்வளவு நீட்டினாலும் ஏழு ஏழுதான். சாலீஸாவைப் பாடிப் பழகியவர் அதே நெகிழ்ச்சியைச் சகஸ்ரநாமத்திலும் காட்டினால் கணக்கு தவறும்.

எண்ணிக்கையைத் தொடாத வேறுபாடுகள்

பாரத தேசம் முழுவதும் ஒரே சுலோகம் பல குரலில் ஒலிக்கிறது. வங்காளத்தில் வகரம் பகரமாகும். விஷ்ணு 'பிஷ்ணு' ஆவார். மகாலட்சுமி அங்கே 'லொக்கி'. ஒலி எவ்வளவு மாறினாலும் அட்சரம் இரண்டு என்பது மாறவில்லை. ஞானம் என்பதை மராட்டியர் 'த்ஞான' என்பதுபோலவும், வடநாட்டார் 'க்யான்' என்றும் ஒலிப்பர். கேரளத்தில் தகர மெய் லகரமாகும். வத்ஸலா அங்கே வல்சலா. குருவாயூர் செல்லும் அடியார்கள் தங்கும் 'ஸ்ரீவல்சம்' விடுதியின் பெயர், திருமால் திருமார்பிலுள்ள ஸ்ரீவத்ஸ மறுவின் பெயரே. தமிழகத்துக்குள்ளேயே தென்மாவட்டங்களில் ழகரத்தை ளகரமாக ஒலிப்போர் பலர். வடபகுதியில் யகரமாக ஒலிப்போரும் உண்டு.

மேற்சொன்னவற்றுள் 'க்யான்' ஒன்றுதான் ஈற்று அகரத்தை இழந்து அட்சரத்தைக் குறைக்கிறது. மற்றவற்றில் ஒலியின் நிறம் மாறினாலும் எண்ணிக்கை அப்படியே நிற்கிறது. யாப்பு அவற்றைத் தாங்கிக்கொள்கிறது. திருத்திக்கொள்ள முடிந்தவர் திருத்திக்கொள்ளலாம். எண்பது வயதில் ழகரம் வரவில்லையே என்று வருந்தி, ஓதாமல் இருக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் பொருளல்ல. பலம் என்று தமிழில் ஒன்றுபோல் எழுதும் சொல், வடமொழியில் ஒலிக்கேற்ப வலிமையும் ஆகும், பயனும் ஆகும். வேத மந்திரங்களிலோ சுரம் பிறழ்ந்தாலும் பொருள் மாறும். துவஷ்டா செய்த வேள்வியில் சுரம் தவறியதால் விருத்திரனே அழிந்த கதை தைத்திரீய சம்ஹிதையில் வருகிறது. அதனால்தான் வேதத்தை ஆசானிடம் கேட்டே பயில வேண்டும் என்று விதித்தனர்.

குருவாயூரப்பன் சந்நிதியில் நிகழ்ந்ததாக வழங்கும் வரலாறு ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. நாராயணீயம் இயற்றிய மேல்பத்தூர் நாராயண பட்டதிரி பெரும் வடமொழிப் புலவர். அவர் காலத்தவரான பூந்தானம், எளிய மலையாளத்தில் பாடிய பக்தர். பூந்தானம் ஒருநாள் சகஸ்ரநாமம் சொல்லும்போது, தேவர்களின் தலைவன் என்று பொருள்படும் 'அமரப்ரபு' என்னும் நாமத்தை 'மரப்ரபு' என்றாராம். மரங்களின் தலைவனா என்று பட்டதிரி எள்ளினாராம். அப்போது சந்நிதியிலிருந்து, தாம் மரங்களுக்கும் தலைவனே என்று இறைவன் குரல் எழுந்ததாம். குருவாயூரில் மரப்ரபுவுக்குப் பெரியதொரு சிலை இன்றும் உள்ளது.

பக்தியின் ஏற்றத்தைச் சொல்லவே இந்த வரலாறு பெரும்பாலும் எடுத்தாளப்படுகிறது. யாப்பின் வழியாகப் பார்த்தால் அதில் இன்னோர் அழகும் உண்டு. அந்த இடத்தில் 'அமரப்ரபு'வுக்கு முன் நிற்பது பத்மநாபன் திருநாமம். அது 'பத்மநாபோ' என்று ஓகாரத்தில் முடிவதால், அடுத்து வரும் அகரம் சந்தியில் மறைய வேண்டும். மறைந்தால்தான் நான்கும் நான்குமாக எட்டு அட்சரம். அகரத்தைத் தனியே ஒலித்தால் ஒன்பதாகிவிடும். பொருளை எப்படிக் கொண்டாலும், பூந்தானத்தின் நாவில் எழுந்த ஒலி சுலோகத்தின் அளவுக்குச் சரியாகவே பொருந்தியிருக்கிறது!

காயத்ரி காட்டும் வழி

காயத்ரி என்னும் சந்தஸுக்குப் பாதம் எட்டாக மூன்று பாதங்கள், 24 அட்சரம். வால்மீகி ராமாயணத்தின் 24,000 சுலோகங்களையும் இந்த 24 அட்சரங்களோடு இணைத்து, ஆயிரத்துக்கு ஓரெழுத்து என்று போற்றுவது மரபு. ஆனால் உலகறிந்த காயத்ரி மந்திரத்தை ஓதும் வழக்கப்படி எண்ணினால் 23தான் வரும். முதற்பாதத்தில் ஏழு, மற்ற இரண்டிலும் எட்டு எட்டு. ஓரட்சரம் குறைந்த இவ்வடிவத்திற்கு நிச்ருத் காயத்ரி என்று பெயரே உண்டு.

குறைந்த அந்த ஓரட்சரத்தை நிரப்பும் வழியைப் பிங்கலரின் சந்தஸ் சாத்திரம் சொல்கிறது: யகரக் கூட்டை 'இய' என்று விரித்துக் கொள்க. முதற்பாதத்தின் இறுதியில் உள்ள 'வரேண்யம்' என்னும் சொல்லை 'வரேணியம்' என்று கொண்டால் மூன்று அட்சரம் நான்காகும், 24 நிறையும். வேதகாலத்தில் அவ்வாறே ஒலித்திருக்க வேண்டும் என்பது யாப்பை ஆராய்ந்தோர் கருத்து. ஜபத்தில் எப்படிச் சொல்வது என்பதில் அவரவர் ஆசான் உபதேசித்த வழியே பிரமாணம்.

தமிழன் நாக்கு சத்யத்தைச் 'சத்தியம்' என்றும், புண்யத்தைப் 'புண்ணியம்' என்றும் ஆக்கும் அதே இகரம்தான் இங்கே காயத்ரியை நிறைவு செய்கிறது. அனுஷ்டுப்பில் இடமின்றி நுழையும்போது நடையை இடறச் செய்யும் ஒலி, இங்கே பூரணம் என்னும் பெயர் பெறுகிறது. எழுத்து கூடுவதோ குறைவதோ தன்னளவில் குற்றமன்று. அந்தப் பாட்டுக்கு வகுத்த அளவோடு பொருந்துகிறதா என்பதே கேள்வி.

இல்லத்தில் செய்யத்தக்கவை

நாள்தோறும் ஓதும் நூலில் ஒரே ஒரு சுலோகத்தை எடுத்து, மெதுவாகச் சொல்லி, விரற்கணுக்களில் அட்சரத்தை எண்ணிப் பார்க்கலாம். அனுஷ்டுப்பாயின் பாதத்துக்கு எட்டு வரவேண்டும். ஒன்பதோ பத்தோ வந்தால் எந்தக் கூட்டெழுத்து உடைந்தது, எந்தச் சந்தி பிரிந்தது என்று தேடினால் உடனே அகப்படும். அபிராமி அந்தாதியிலும் இவ்வாறே ஒற்று நீக்கி எண்ணலாம். சில நாட்களில் காது தானே கணக்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு விரல் தேவைப்படாது.

அர்ச்சனையில் நாமங்களைத் தனித்தனியே நான்காம் வேற்றுமையில் சொல்கிறோம் என்பதால் அங்கே சுலோகத்தின் அளவு பொருந்தாது. பாராயணத்திற்குத்தான் இந்தக் கணக்கு.

பேரக் குழந்தைகள் வெளியூரில் கேட்டு வந்த விதமாக நான்கெழுத்தைச் சொன்னால் கடிந்துகொள்ள வேண்டாம். ஐந்து விரல்களையும் நீட்டச் சொல்லி, விரலுக்கு ஓரெழுத்தாகச் சொல்லச் செய்தால் போதும். 'ய்' என்று முடிக்கும் குழந்தைக்குக் கடைசி விரல் வெறுமனே நிற்பது தானே தெரிந்துவிடும். கேட்டவுடன் திருத்திக்கொள்ளும் இளம் நாக்கு அது. ஏடும் ஒலிப்பதிவும் எத்தனை இருந்தாலும், எதிரில் அமர்ந்து எழுத்தெழுத்தாகச் சொல்லித் தரும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருக்கும் வீட்டில் திருவைந்தெழுத்து ஐந்தாகவே அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரும்.